ஒரே ஊரில் இரண்டு சாமியார்கள்

(வானொலி மறையுரை. தவக்காலம் மூன்றாம் வாரம், சனிக்கிழமை. வாசகங்கள்: ஓசேயா 6:1-6; லூக்கா 18:9-14)



இந்த மாதத்தில் மதுரைச் சீமையில் விடியற்காலை எழுந்து வாசலுக்கு வந்தால் அழகர்மலைப் பக்கம் மேகம் தெரியும். ஒரு கணம் மனசு குளிரும். எட்டு மணிக்குப் பார்த்தால் மேகம் இருந்த தடமே இருக்காது. அந்த மேகத்தை நம்பி எந்தச் சம்சாரியும் விதைநெல்லை எடுத்து வைக்கமாட்டார். இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் ஓசேயா வழியாக ஆண்டவர் சொல்லும் வருத்தம் இதுதான். உங்கள் அன்பு அந்த விடிகாலை மேகம் மாதிரி, சூரியன் ஏறியதும் காயும் பனி மாதிரி இருக்கிறதே, உங்களை நான் என்ன செய்வது என்று கேட்கிறார். அதட்டுகிற குரலாக எனக்கு அது கேட்கவில்லை. பிள்ளையைப் பற்றி என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனின் குரலாகக் கேட்கிறது.

நற்செய்தியில் வருவது நமக்கு மனப்பாடமான உவமை. கோவிலுக்கு இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் பரிசேயர், மற்றவர் வரிதண்டுபவர். நம் பெரியவர்கள் ஆயக்காரன் என்று சொல்லிப் பழகியவர்கள்.

பரிசேயரைப் பற்றி ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நோன்பு இருப்பதாகச் சொல்கிறார், இருந்திருப்பார். வருமானம் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று கொடுப்பதாகச் சொல்கிறார்; கொடுத்திருப்பார். இப்படி ஒருவர் என் பங்கில் இருந்திருந்தால் யோசிக்காமல் பங்குப் பேரவைக்குச் செயலாளர் ஆக்கியிருப்பேன். கோவில் வரியை வீடு வீடாகக் கேட்டு அலைய வேண்டிய தொல்லையாவது குறைந்திருக்கும்! சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் செபத்தில் அவர் கடவுளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. கணக்கு நேராக இருக்கிறது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று நிற்கிறார். அந்தச் செபத்துக்குள் இன்னொரு மனிதரும் வருகிறார். அவரும் விரல் நீட்டிக் காட்டுவதற்காகத்தான் வருகிறார்.

வரிதண்டுபவரையும் நாம் சாதுவாக்கிவிடக் கூடாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கந்துவட்டிக்குக் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிறாரே, அவர் மாதிரி ஆள். அவரால் அழுத குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்டவர் தூரத்தில் நின்று, தலையைத் தூக்காமல், மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய என்மேல் இரங்கும் என்று மட்டும் கேட்கிறார். கடவுளுக்கு ஏற்புடையவராகி வீட்டுக்குப் போனவர் அவர்தான் என்கிறார் இயேசு.

இந்த உவமையைக் கேட்டவுடனே நாம் எல்லாரும் ஓடிப்போய் அந்த ஆயக்காரர் பக்கத்தில் நின்றுகொள்கிறோம். நம் கோவில்களில் பின்பக்கம் எப்போதுமே கூட்டம் அதிகம், அது வேறு காரணத்துக்காக. ஆனால் இந்த உவமையில் முன்னால் நிற்பவர் யார் என்று கேட்டால், ஆளுக்கு ஒருவரை மனசுக்குள் கைகாட்டத் தயாராக வைத்திருக்கிறோம். அப்படிக் கை நீட்டிய நேரத்தில் நாம் எங்கே நிற்கிறோம்?

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மதுரையில் வாழ்ந்த இரண்டு சாமியார்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முந்திய கதை. அதில் ஒருவரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். மற்றவரின் பெயரைக் கேட்டிருக்கமாட்டீர்கள். அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார். போர்த்துக்கீசியர். இளமையில் போர்வீரராக இருந்து, பிறகு இயேசு சபையில் சேர்ந்து குருவானவர். 1595 இல் மதுரைக்கு வந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து நாயக்கர் தலைநகருக்கு வியாபாரத்துக்கும் மற்றக் காரியங்களுக்கும் வந்துபோன பரதவர் கிறிஸ்தவர்களுக்குத் திருப்பலி நிறைவேற்றுவார். ஒரு சிறிய கோவில் கட்டினார். ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். நோயாளிகளைப் பார்க்க ஒரு சிறு மருத்துவமனையும் வைத்திருந்தார். பதினோரு ஆண்டுகள் இப்படியே உழைத்தார். ஆனால் மதுரை மக்களில் ஒருவரும் அவரிடம் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை.

காரணம் இருந்தது. அங்கி போட்டு, இறைச்சி சாப்பிட்டு, கடற்கரையில் ஆட்சி செலுத்தியவர்களின் நாட்டிலிருந்து வந்தவரை ஊர் பறங்கி என்றது. அந்தச் சொல்லில் இருந்த இளக்காரம் அந்நாள் மிஷனரிகள் பலருக்கு உறைக்கவே இல்லை. கிறிஸ்தவராக விரும்புகிறாயா என்று கேட்பதற்குப் பதிலாக, பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா என்றே திருமுழுக்கின்போது கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள்.

1606 நவம்பரில் இன்னொருவர் வந்து சேர்ந்தார். இராபர்ட் தெ நொபிலி அடிகளார். உரோமையில் உயர்குடியில் பிறந்தவர். அப்போது வயது இருபத்தொன்பது. பெர்னாண்டஸ் அறுபதைக் கடந்தவர். வந்த இளைஞர் கொஞ்ச நாளிலேயே எல்லாவற்றையும் மாற்றினார். காவி உடுத்தினார். மரப் பாதுகை அணிந்தார். ஒருவேளை உணவு, அதுவும் சோறும் காய்கறியும் பாலும். மேல்சாதியினர் வாழ்ந்த பகுதியில் தனியாகக் குடியேறினார். தமிழும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். இன்று நாம் கோயில், பூசை, அருள், குரு என்று இயல்பாகப் பேசுகிறோமே, இந்தச் சொற்கள் கிறிஸ்தவ வாழ்வுக்குள் வந்து நிலைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

அவரிடம் முதலில் திருமுழுக்குப் பெற்றவர் யார் தெரியுமா? பெர்னாண்டஸ் நடத்திய பள்ளிக்கூடத்தின் ஆசிரியர். பெர்னாண்டஸ் தினமும் முகம் பார்த்த மனிதர், அவர் கையால் சம்பளம் வாங்கியவர். நொபிலியோடு பல நாட்கள், நாளுக்குப் பல மணிநேரம் வாதாடிவிட்டு அவரிடமே கிறிஸ்தவரானார்.

குருமடத்தில் இந்த வரலாற்றைப் படித்தபோது நாங்கள் சிரித்தோம். பெர்னாண்டஸ் எங்களுக்கு ஒரு கேலிப் பொருள். காலத்தைப் புரிந்துகொள்ளாத கிழவர், வெள்ளைக்காரத் திமிர் பிடித்தவர், ஒரு மகானுக்கு முட்டுக்கட்டை போட்டவர் என்று ஒரு தேர்வுத்தாளில் நானே எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இன்று எனக்கு அவர் வயது தாண்டிவிட்டது. சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அதற்கு அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நொபிலி தாம் பறங்கி அல்ல என்று ஊருக்கு அறிவித்தார். பிற்பாடு, 1611 இல், தம் வீட்டு வாசலில் ஓலையில் எழுதியே வைத்தார். நான் பறங்கி நாட்டில் பிறந்தவன் அல்லன், அவர்களோடு எனக்கு உறவும் இல்லை என்ற பொருளில் அந்த ஓலை இருந்தது. அவர் இத்தாலியர், ஆகவே பிறப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் அதே ஊரில், அதே சபையைச் சேர்ந்த, அதே குருத்துவம் பெற்ற ஒரு முதியவர் பறங்கி என்ற பெயரோடு தெருவில் நடமாடிக்கொண்டிருந்தார். நொபிலியிடம் வந்த மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பெர்னாண்டஸின் கோவிலுக்குப் போகவில்லை. ஒரே நற்கருணை, இரண்டு கோவில்கள். அந்த முதியவர் இரவில் தனியே உட்கார்ந்து என்ன நினைத்திருப்பார் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஓலை எழுதப்படுவதற்கு முன்பே, 1610 இல், பெர்னாண்டஸ் மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞர் தம்மைக் குரு என்று வெளியில் காட்டிக்கொள்வதில்லை, பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விட்டுவைக்கிறார், கிறிஸ்தவர்களையே இரண்டாகப் பிரிக்கிறார் என்று குற்றம் சாட்டினார். பொறாமையில் எழுதினார் என்று சொல்லிவிடுவது எளிது. பொறாமை இருந்திருக்கலாம். ஆனால் கிறிஸ்தவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள் என்று அவர் எழுதியது பொய்யா?

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். வானொலியில் சொல்லக்கூடிய கதையா என்று நிறைய யோசித்தேன். சம்பந்தப்பட்ட மற்றவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமப் பங்கு. ஐந்து கிளைக் கிராமங்கள். வைகையில் தண்ணீர் வந்தால் கண்மாய் நிறையும், வராவிட்டால் சீமைக் கருவேலம்தான். அங்கே எனக்கு ஏழாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. கோவிலுக்கு ஓடு மாற்றியிருந்தேன். சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தேன். பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள். கணக்குப் புத்தகத்தை யார் எப்போது வந்து பார்த்தாலும் ஒரு ரூபாய் பிசகாது. இதெல்லாம் உண்மை, சகோதரர்களே. வாரத்தில் இரண்டு நாள் நோன்பு என்று அந்தப் பரிசேயர் சொன்னாரே, அந்த மாதிரி உண்மை.

உதவிப் பங்குத்தந்தையாக ஓர் இளம் குரு வந்தார். திருநிலைப்படுத்தப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. கணக்கு எழுதத் தெரியாது. திருப்பலிக்குப் பத்து நிமிடம் தாமதமாக வருவார். ஆனால் சாயங்காலம் கண்மாய்க் கரையில் பையன்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். யார் வீட்டில் கூப்பிட்டாலும் போய்ச் சாப்பிடுவார். ஊரின் தெற்கே காலனித் தெரு. நானும் அங்கே போவேன். நோயாளிக்கு நற்கருணை கொடுப்பேன், வீடு மந்திரிப்பேன், யாராவது இறந்தால் முதல் ஆளாக நிற்பேன். நின்றபடியே எல்லாம் செய்துவிட்டு வந்துவிடுவேன். அந்தத் தெருவில் நான் இலை போட்டு உட்கார்ந்ததில்லை. யாரும் தடுத்ததில்லை. நானும் ஏன் என்று என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மேலத்தெருவில் சாப்பிட்டிருக்கிறேன், பலமுறை.

இளம் குரு வந்த ஆறாவது மாதத்தில் கோவில் நிறைந்தது. ஏழு ஆண்டாக நான் கூப்பிட்டு வராதவர்கள் வந்தார்கள். திருப்பலி முடிந்ததும் அவரைச் சுற்றி ஒரு கூட்டம். நான் சக்கிரீஸ்தில் உடையை மடித்து வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு பாட்டி என்னிடமே வந்து, சின்ன சாமி பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை, பாவம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு ஒரு நாள் கடிதம் எழுதினேன். மேலதிகாரிகளுக்கு, மூன்று பக்கம். தாமதம், கணக்கில் கவனமின்மை, வழிபாட்டு ஒழுங்கை மீறுவது, ஒரு தெருவோடு மட்டும் அதிகம் பழகுவதால் ஊரில் பேச்சு எழுகிறது என்பது. நான்கு முறை திருத்தி எழுதினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை என்பதில் எனக்குப் பெருமை. தபாலில் போட்டுவிட்டு வந்து செபமாலை சொன்னேன். அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. எந்தத் தடங்கலும் இல்லாமல் ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லி முடித்தேன்.

என் கடிதத்தாலோ வேறு தேவையாலோ, நான்கு மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்தது.

நொபிலிக்கு வந்ததோ இன்னும் பெரிய சோதனை. அவர் மதம் மாறிவிட்டார் என்றே வதந்தி உரோமைவரை போனது. அவருடைய உறவினரான கர்தினால் பெல்லார்மின் நொந்துபோய்க் கண்டித்து எழுதினார். விளக்கம் கிடைத்த பிறகுதான் அவருக்குத் துணை நின்றார். 1613 இல் புதிதாகத் திருமுழுக்குக் கொடுப்பதற்கே தடை வந்தது. வாசலில் கேட்டு நிற்பவர்களை வைத்துக்கொண்டு, இப்போது முடியாது என்று சொல்ல வேண்டிய நிலைமை. தடையும் விசாரணையுமாக ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஓடின. 1619 இல் கோவாவில் நடந்த கூட்டத்தில் காவியுடையோடு போய் நின்றார். சொந்தச் சபையினரே ஏளனமாகப் பார்த்தார்கள்.

அவர் செய்ததை நான் கூர்ந்து பார்க்கிறேன். அவர் பணிந்தார். ஆனால் வாயை மூடிக்கொண்டு பணியவில்லை. இலத்தீனில் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். மனு ஸ்மிருதியிலிருந்து மதுரைத் தெருப் பழக்கம்வரை சான்று காட்டினார். தாழ்ச்சி என்றால் சொரணை இல்லாமல் கிடப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குறிப்பாக வீட்டில் பெண்களுக்கும், வேலை இடத்தில் கீழே இருப்பவர்களுக்கும் அப்படித்தான் போதித்திருக்கிறோம். நொபிலி தம் நியாயத்தை விடாமல் சொன்னார், தீர்ப்பு வரும்வரை தடையையும் மதித்தார். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்வதற்குக் கடவுள்மேல் எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! வேலை என்னுடையது என்று நினைப்பவரால் அது முடியாது.

1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பு எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கப்பட்டன. இதுவரை எல்லா வரலாற்றுப் புத்தகங்களிலும் இருக்கும். ஆனால் அந்த மடலின் முடிவில் திருத்தந்தை வைத்த ஒரு வேண்டுகோளை நாம் அதிகம் பேசுவதில்லை. உயர்குடிப் பிறப்பைப் பெருமையாக நினைப்பவர்கள், எளியவர்களை, அதுவும் கோவிலில் இறைவார்த்தை கேட்கும் இடத்திலும் அருளடையாளங்களைப் பெறும் இடத்திலும், இழிவாக நினைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டார்.

அனுமதியை எடுத்துக்கொண்டோம். வேண்டுகோளை மடித்து வைத்துவிட்டோம். வடக்கன்குளத்தில் 1872 இல் கட்டிய கோவிலில் சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் வைத்தார்கள். இரண்டு கால் மாதிரிப் பிரிந்து நின்றதால் கால்சட்டைக் கோவில் என்றே மக்கள் பெயர் வைத்தார்கள். 1910 இல் அந்தச் சுவரை இடித்தபோது ஊர் கலவரப்பட்டது, நீதிமன்றம்வரை வழக்குப் போனது. கோவிலுக்குள் சுவர் இன்று இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் இருக்கும் ஊர்கள் இருக்கின்றன, நமக்குத் தெரியும். செத்த பிறகும் பரிசேயர் முன்னால் நிற்க விரும்புகிறார்.

இதற்கெல்லாம் நொபிலிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாதி அவர் கொண்டுவந்ததல்ல. அவர் காலத்திலேயே 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற குருக்கள், எளிய மக்களிடையே வெளிப்படையாகப் பணியாற்றத் தொடங்கினார்கள். அவர் ஒரு புனிதர் என்றே என் மனம் சொல்கிறது. ஆனால் பெர்னாண்டஸின் கடிதத்தில் ஓர் உண்மை இருந்தது. கசப்பில் நனைந்து வந்ததால் யாரும் அதை எடுத்துத் துடைத்துப் பார்க்கவில்லை. நம் வீட்டுச் சண்டைகளிலும் இதுதானே நடக்கிறது? மாமியார் சொன்னது சரியாக இருக்கும், சொன்ன விதத்தால் மருமகள் காதில் ஏறாது. மருமகள் சொன்னது சரியாக இருக்கும், சொன்னவர் மருமகள் என்பதாலேயே ஏறாது.

பெர்னாண்டஸ் அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. நொபிலியின் வாதத்தை மறுப்பதற்காகவே இந்த மண்ணின் சடங்குகளையும் வழக்கங்களையும் விசாரித்துத் தொகுத்து 1616 இல் ஒரு நூல் எழுதினார். எழுபது வயதைக் கடந்தவர்! அந்த நூல் அச்சேறியதோ 1973 இல். ஒருவரை மறுக்கப் போய் ஊரைக் கற்றுக்கொண்டார் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். ஆண்டவர் நம் கோபத்தைக்கூட வீணாக்குவதில்லை போலும்.

நொபிலிக்கு முதுமையில் கண்பார்வை மங்கியது. மேலதிகாரிகள் அவரை அவர் நேசித்த மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பிறகு மயிலாப்பூருக்கு. எழுத முடியாததால் தம் நூல்களைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1656 சனவரி 16 அன்று அங்கேயே இறந்தார். உரோமையில் கர்தினாலாக வந்திருக்கக்கூடிய பிரபு, பிறர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, பிறர் எழுதுகோலை நம்பிப் பேசி, அப்படி முடிந்தார்.

என் பங்குக்குத் திரும்பி வருகிறேன்.

மாற்றலாகிப் போவதற்கு முந்திய இரவு. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அந்த இளம் குரு என் அறைக் கதவைத் தட்டினார். கழுத்தில் ஊதா நிறத் தோள்துண்டு இல்லை, கையில் வைத்திருந்தார். அதை என்னிடம் நீட்டி, "பாதர், போறதுக்கு முன்னால உங்ககிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்றார்.

அவர் சொன்னதை நான் சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டேன். பாவமன்னிப்பு வழங்கிக் கையை இறக்கியபோது என் கை நடுங்கியது. அவர் எழுந்தார். நான் அந்தத் தோள்துண்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு முழங்காலிட்டேன். எனக்கு அப்போதே மூட்டுவலி. கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. அவர் பதறி, "வேணாம் பாதர், உட்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை.

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை என்றும் சொன்னேன், அந்த நேரத்திலும். பிறகு, உன்னால் என் கோவில் நிறைந்தது, அதை என்னால் தாங்க முடியவில்லை என்று சொன்னேன். என் கோவில் என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ஏழு ஆண்டாக அது யாருடைய கோவில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்? நோன்பு, காணிக்கை, ஓடு, சுற்றுச்சுவர் என்று எல்லாம் என்னிடம் இருந்தன. ஆண்டவரிடம் கேட்க என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. அன்று இரவுதான் ஒன்று இருந்தது.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. வெளியே கண்மாயில் தவளைச் சத்தம். அழுகிறாரோ, கோபமோ, எனக்குத் தெரியாது, நான் நிமிரவில்லை. பிறகு பாவப்பரிகாரம் சொன்னார். மூன்று பரமண்டல மந்திரம் சொல்லச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெற்குத் தெருவுல நாப்பத்தி ரெண்டு வீடு இருக்கு, பாதர். ஒவ்வொரு வீட்லயும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார்.

மறுநாள் அவர் போன பிறகு மதியம் நான் தெற்குத் தெருவுக்குப் போனேன். முதல் வீட்டில் ஒரு வயதான அம்மா. எத்தனையோ முறை அவர் கணவருக்கு நற்கருணை கொண்டுபோன வீடு. சாப்பிட வந்திருக்கிறேன் ஆத்தா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்ப் பாயை உதறி விரித்தார். "ரசமும் கருவாடும்தான் சாமி இருக்கு" என்றார். தட்டை வைத்தார். நான் முதல் வாய் எடுத்து வைத்ததும், எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "ஏழு வருசமா எங்க சாமி போயிருந்தீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார்.

முப்பத்தாறு வீடுகள் முடிந்தபோது எனக்கும் மாற்றல் வந்தது. மீதி ஆறு வீடுகளுக்கு விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் பேருந்து ஏறிப் போய் முடித்தேன். கடைசி வீட்டில் சாப்பிட்ட அன்று அந்த இளம் குருவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இப்போது அவரும் இளமையாக இல்லை, அவருக்கே ஓர் உதவிப் பங்குத்தந்தை வந்துவிட்டார். "பையன் நல்லா பாடுறான் பாதர், கூட்டம் அவன்கிட்டதான் போகுது" என்றார். இருவரும் சிரித்தோம். கொஞ்சம் கழித்து, "எனக்காக வேண்டிக்குங்க" என்றார்.

இன்று இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்திலேயே, அடுப்படியிலோ வண்டியிலோ, மருத்துவமனைக் கட்டிலிலோ, ஓர் அருள் நிறைந்த மரியே மந்திரம் சொல்வோம். மதுரையில் பதினோரு ஆண்டுகள் பூசை வைத்தும் ஊராரில் ஒருவரும் வந்து சேராத கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளாரை நினைத்துச் சொல்வோம். பெயர் நீளமாக இருக்கிறது என்றால், பழைய சாமியார் என்று சொன்னாலும் போதும், ஆண்டவருக்குத் தெரியும்.